கோலிட்டன் பதிவேடு: ஒரு டெவன் சந்தையூரில் தங்கியவர்களும் வெளியேறியவர்களும்

இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றைப் பற்றி எதைப் படித்தாலும் டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் என்னும் சிற்றூரின் பெயர் வந்து நிற்பது ஏன் என்றும், அப்படிப்பட்ட பழைய சந்தையூர் ஒன்றில் வாழ்ந்த எளிய குடும்பத்தை இன்று எவ்வளவு தொலைவு பின்னோக்கித் தேட முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கோலிட்டன் பெயர் பெற்றதற்கு அங்கே நடந்த நிகழ்ச்சிகளைவிட அதன் தேவாலயப் பதிவேடு 1538 முதல் பெரிய சேதமின்றித் தப்பியதே முதற்காரணம். அதே பதிவேடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்தவர்தான் அதிலிருந்து ஒரு குடும்பத்தைச் சரியாக மீட்க முடியும்.

முதலில் ஊர். கோலி என்னும் சிற்றாறு ஆக்ஸ் ஆற்றில் கலக்கும் பள்ளத்தாக்கில், சீட்டன் கடற்கரைக்குச் சற்று உள்ளே தள்ளி இது அமைந்திருக்கிறது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் அரசருக்கே உரிய பண்ணையாகக் குறிக்கப்பட்ட இவ்வூர், பிற்பாடு டெவனின் பெருங்குடும்பமான கோர்ட்னிகளின் கைக்குப் போயிற்று. கம்பளித் துணி, தோல், சந்தை ஆகிய மூன்றாலும் வாழ்ந்த ஊர் இது. ஓக் மரப்பட்டையில் தோல் பதனிடும் பழைய முறை இங்கே இன்றும் தொடர்கிறது. ஊர் நடுவே புனித அந்திரேயா தேவாலயமும், அதன் கோபுரத்தின் மேல் எண்கோண வடிவில் எழுப்பிய விளக்கு மாடமும் நிற்கின்றன. 1933இல் கோபுரத்தில் தீப்பிடித்த பிறகு, சுவருக்குள் கட்டுமானக் கல்லாகச் செருகப்பட்டிருந்த சாக்சன் காலச் சிலுவையின் துண்டுகள் வெளிப்பட்டன. இந்த இடத்தில் வழிபாடு எவ்வளவு பழையது என்பதற்கு அவையே சான்று.

1538ஆம் ஆண்டு இவ்வூருக்கு இரண்டு வகையில் திருப்புமுனையானது. அந்த ஆண்டு செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு ஊர்ப்பகுதியிலும், ஒரு புத்தகம் வைத்து, நடந்த திருமணங்கள், ஞானஸ்நானங்கள், அடக்கங்கள் அனைத்தையும் வாரந்தோறும் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவானவரிடமும் மற்றது தேவாலயக் காப்பாளர்களிடமும் இருக்க வேண்டும். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். இதற்குச் சில வாரங்கள் கழித்து, கோலிட்டனின் நிலவுடைமையாளரான எக்சிட்டர் மார்க்விஸ் ஹென்றி கோர்ட்னி இராசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதாகித் தலை வெட்டப்பட்டார். அவருடைய நிலங்கள் அரசுடைமையாயின. 1546இல் ஊரின் வசதியான குடியானவர்களும் வணிகர்களும் சேர்ந்து, அந்த நிலத்தில் ஒரு பகுதியை அரசரிடமே விலை கொடுத்து வாங்கி, அதன் வருவாயை ஊர் நலனுக்கென ஒதுக்கினார்கள். ஃபியோஃபிகள் எனப்படும் அந்த அறங்காவலர் குழு இன்றும் இயங்குகிறது. ஊரின் கிராமர் பள்ளியும் தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. குடும்ப வரலாறு தேடுபவருக்கு இது முக்கியம். ஒரு பிரபுவுக்கு அடங்கிய ஊரில் குத்தகை, வாடகை, பழுதுபார்ப்புக் கணக்குகள் அந்தப் பிரபுவின் வீட்டோடு போய்விடும். நிலத்தை ஊரே வைத்திருந்தால், யார் எந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை கட்டினார் என்பது ஊர்க் கணக்கிலேயே தங்கிவிடுகிறது.

க்ராம்வெல்லின் ஆணையை எல்லாப் பங்குகளும் ஒரே மாதிரி மதிக்கவில்லை. புதிய வரிக்கு இது முன்னோட்டம் என்று பல ஊர்களில் மக்கள் அஞ்சினார்கள். தொடக்கத்தில் தாளில் எழுதியவை பல இடங்களில் நைந்து போயின. 1598இல், பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்க வேண்டும், ஆண்டுதோறும் ஒரு நகலை ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்று எலிசபெத் அரசி காலத்தில் உத்தரவு வந்தது. ஆனால் ‘குறிப்பாக அரசி ஆட்சிக்கு வந்த காலத்திலிருந்து’ என்று அதில் ஒரு தொடர் இருந்ததால், பல எழுத்தர்கள் 1558க்கு முந்தைய பக்கங்களைப் படியெடுக்காமலே விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பங்குகளில் 1538 வரை பின்னோக்கிச் செல்லும் பதிவேடு உள்ளவை சிறுபான்மைதான். கோலிட்டன் அவற்றுள் ஒன்று. அதோடு, 1538 முதல் 1837 வரையிலான பதிவு முழுவதையும் டெவன் மற்றும் கார்ன்வால் ஆவணக் கழகம் 1928இல் அச்சிட்டு வெளியிட்டது. பழைய கையெழுத்தோடு மல்லாடாமல் முந்நூறு ஆண்டுப் பெயர்களை மேசையில் விரித்து வைத்து ஆராயும் வசதி அதனால்தான் கிடைத்தது.

அந்த வசதியைப் பயன்படுத்தியவர் கேம்பிரிட்ஜின் மக்கள்தொகை வரலாற்றாளர் டோனி ரிக்லி. பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் லூயி ஆன்ரி வகுத்த ‘குடும்ப மீட்டமைப்பு’ என்னும் முறையை அவர் கோலிட்டனில் செய்து பார்த்து, 1966இல் முடிவுகளை வெளியிட்டார். முறை எளிது, வேலைதான் மலைப்பானது. ஜான் என்ற நெசவாளி ஒருவர் 1602இல் ஆக்னெஸ் என்பவரை மணந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திருமணத்துக்கு ஒரு தனிச் சீட்டு. ஆக்னெஸின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி எடுத்தால் மணமான வயது தெரிகிறது. தொடர்ந்து வரும் குழந்தைகளின் ஞானஸ்நானங்களை வரிசையாக அதே சீட்டில் ஏற்றினால் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி தெரிகிறது. அடக்கப் பதிவில் ‘ஜானின் மகன் ஜான்’ என்று வந்து, இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு ஜானுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால், இறந்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அது அக்காலத்தில் வழக்கமே. இருவரில் ஒருவர் இறந்த நாள் கிடைக்கும்போதுதான் சீட்டு முழுமையாகிறது.

இதில் பெரிய இடர், ஆண்களில் பாதிப்பேர் ஜான், வில்லியம், தாமஸ் என்னும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடுவதுதான். ஒரே குடும்பப் பெயரில் ஒரே தலைமுறையில் மூன்று ஜான்கள் இருந்தால், அடக்கமானவர் யார் என்பதைப் பதிவேடு மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. 1813க்கு முன் அடக்கப் பதிவில் வயது எழுதுவது வழக்கமில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் தவறான ஜானைத் தகப்பனாக ஏற்றிக்கொண்டவை ஏராளம். ஒருவர் செய்த பிழையை மற்றவர் அப்படியே நகலெடுத்ததால் அது உறுதிப்பட்ட உண்மைபோலத் தோன்றுகிறது.

ரிக்லியின் சீட்டுகளிலிருந்து வெளிவந்த படம் பலரையும் திகைக்க வைத்தது. பழைய இங்கிலாந்தில் பெண்கள் பதின்வயதிலேயே மணமுடித்தார்கள் என்ற பொது நம்பிக்கை முற்றிலும் தவறு. 1560 முதல் 1646 வரை கோலிட்டனில் முதன்முறை மணமுடித்த பெண்களின் சராசரி வயது 27. 1647 முதல் 1719 வரை அது 29.6ஆக ஏறியது, பிறகு 26.8ஆகவும், 1770க்குப் பின் 25.1ஆகவும் இறங்கியது. இடைப்பட்ட அந்த 70 ஆண்டுகளில், மணமான பெண்களும் முப்பது வயதைத் தாண்டியபின் முன்பைவிடக் குறைவாகவே பிள்ளை பெற்றார்கள். கடைசிப் பிள்ளைக்கும் அதற்கு முந்தையதற்கும் இடையே முன்பு சுமார் மூன்று ஆண்டாக இருந்த இடைவெளி நான்கு ஆண்டுக்கும் மேலாக நீண்டது. நவீனக் கருத்தடைச் சாதனங்கள் இல்லாத காலத்திலேயே இவ்வூர்க் குடும்பங்கள் பிள்ளைப்பேற்றைத் தாமாகக் கட்டுப்படுத்தின என்று ரிக்லி முடிவு செய்தார்.

1646 என்ற எல்லைக்கோடு ஏன் என்றால், அதற்குக் காரணம் கொள்ளைநோய். 1645 இறுதியில் தொடங்கி ஓராண்டுக்குள் பதிவேட்டில் ஏறத்தாழ 400 அடக்கங்கள் எழுதப்பட்டன. ஊரில் ஐந்தில் ஒருவர் மடிந்திருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஊருக்கு அருகிலிருந்த கோல்கோம் கோட்டையும் அந்தப் போரில் பாழானது. சாதாரண ஆண்டில் சில வரிகளில் முடிந்துவிடும் அடக்கப் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்வதையும், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த வரிகளில் திரும்பத் திரும்ப வருவதையும் அச்சுப் பிரதியில்கூடக் காணலாம். இத்தனை இழப்புக்குப் பின் ஊர் வேகமாக நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கோலிட்டனில் அதற்கு நேர்மாறாகத் திருமணங்கள் தள்ளிப்போயின.

ரிக்லியின் விளக்கம் எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. நிலைத்திருக்கவும் கூடாது என்பது என் கருத்து. சீட்டு முழுமையாவதற்கு ஒருவர் அதே பங்கில் பிறந்து, அதே பங்கில் மணந்து, அங்கேயே மடிய வேண்டும். அப்படி இருந்தவர்கள் ஊரில் சிறுபான்மையினர். வேலை தேடிப் போனவர்கள், பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்கள், மணமகளின் பங்கில் திருமணம் நடக்கும் வழக்கப்படி வேற்றூரில் போய் மணந்தவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அரசு ஏற்ற திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்காத பிரிவினர் கோலிட்டனில் வலுவாக இருந்தார்கள். 1662க்குப் பின் அவர்களுடைய குழந்தைகள் பல பங்குப் பதிவேட்டில் ஏறியிரா. ஏறாத குழந்தை, பிறக்காத குழந்தைபோலவே புள்ளிவிவரத்தில் தோன்றும்.

வரலாற்றாளர் பாம் ஷார்ப் வேறொரு திசையிலிருந்து இதை அணுகினார். பதிவேட்டோடு ஏழைகள் நிவாரணக் கணக்குகளையும் பிற ஊர்த்தாள்களையும் இணைத்துப் படித்து, இந்தக் காலத்தில் கோலிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இருந்தனர் என்றும், லேஸ் பின்னும் தொழில் அவர்களுக்கு ஊரிலேயே பிழைப்புத் தந்தது என்றும் காட்டினார். ஹோனிட்டன் லேஸ் என்று புகழ்பெற்ற அந்தப் பின்னல் கிழக்கு டெவன் முழுவதும் வீட்டுத் தொழிலாக இருந்தது. வெளிநாட்டு லேஸ் இறக்குமதித் தடையை நீக்கக் கூடாது என்று 1698இல் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவொன்று, கோலிட்டனில் மட்டும் 350க்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. மனு என்பதால் சற்றே கூட்டிச் சொல்லியிருந்தாலும், இவ்வளவு சிறிய ஊருக்கு அது பெரிய எண். மணமுடிக்க ஆண் குறைவு, தனியாக வாழக் கையில் தொழில் உண்டு என்ற நிலையில் திருமண வயது ஏறுவதற்குப் படுக்கையறை இரகசியம் எதையும் தேட வேண்டியதில்லை. எனக்கு இந்த விளக்கமே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் மணமான பெண்களின் பிள்ளைப்பேறு குறைந்ததை இது மட்டும் முழுமையாக விளக்கிவிடாது.

ஆண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு 1685 ஒரு பகுதி விடை. இரண்டாம் சார்லஸின் முறைசாரா மகனான மன்மத் கோமகன், அவ்வாண்டு ஜூன் 11 அன்று லைம் ரீஜிஸ் கரையில் இறங்கிக் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராகக் கொடி உயர்த்தினார். கோலிட்டனிலிருந்து லைம் நடந்தே போகும் தூரம். டெவனிலேயே மிகுந்த கலகக்காரர்களைத் தந்த ஊர் என்று கோலிட்டன் இன்றும் பெருமை பேசிக்கொள்கிறது. ஜூலை 6 அன்று செட்ஜ்மூரில் படை சிதறியது. நீதிபதி ஜெஃப்ரிஸின் விசாரணைகளில் மேற்கு மாவட்டங்களெங்கும் நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள், அதைவிடப் பலர் பார்படோஸ், ஜமைக்கா தோட்டங்களுக்குக் கூலியற்ற வேலையாட்களாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கலக நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள் யார் யார் என்று ஊர்க் காவலர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்கள் எஞ்சியிருக்கின்றன. அரசு தண்டிப்பதற்கென்று தயாரித்த ஆவணம்தான் இன்று ஒரு தறிக்காரர் 1685 கோடையில் எங்கே இருந்தார் என்பதைச் சொல்கிறது. பதிவேட்டில் திருமணமும் இரண்டு ஞானஸ்நானமும் இருந்து, பிறகு அந்த மனிதர் அடக்கமும் இன்றி மறைந்துவிட்டால், இந்தப் பட்டியல்களைப் பார்க்காமல் விடக்கூடாது.

எளிய குடும்பத்தைத் தேடுபவருக்குப் பதிவேட்டுக்கு அடுத்தபடியாக நான் கைகாட்டுவது ஏழைகள் சட்டத் தாள்களைத்தான். 1601 சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே தாங்க வேண்டும். அதற்கென வரி தண்டவும் பணம் பகிரவும் மேற்பார்வையாளர்கள் ஆண்டுதோறும் அமர்த்தப்பட்டார்கள். 1662இல் வந்த குடியிருப்புச் சட்டம், ஆண்டு வாடகை 10 பவுண்டுக்குக் குறைந்த வீட்டில் குடியேறிய புதியவரை, அவர் பங்குக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், 40 நாளுக்குள் முறையிட்டு அவருடைய சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்ப வழிசெய்தது. சொந்தப் பங்கு எது என்று தீர்மானிக்க நீதிபதிகள் இருவர் முன் விசாரணை நடக்கும். எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் பழகினார், எந்தப் பண்ணையில் ஓராண்டு முழுதும் கூலிக்கு இருந்தார், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்ன என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு கீறல் போட்டு ஒப்புவார். செல்வந்தர் குடும்பத்தில்கூட ஒருவருடைய வாழ்க்கை இவ்வளவு கோவையாக எழுதப்படுவது அரிது. விரட்டப்படவிருந்த ஏழைக்குத்தான் அந்த வாய்ப்பு.

ஏழைப் பிள்ளைகளைப் பண்ணைகளில் கட்டாயமாக வேலைக்கு அமர்த்தும் ஒப்பந்தங்களும் டெவனில் மிகுதி. ஏழெட்டு வயதுப் பையன், பழைய சட்டப்படி 24 வயது வரையில், ஒதுக்கப்பட்ட விவசாயியிடமே இருக்க வேண்டும். 1778க்குப் பின்னரே அது 21ஆகக் குறைந்தது. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையென்றால், பங்கு செலவைத் தகப்பனிடமிருந்து வசூலிக்க அவன் பெயரை எழுதி வாங்கிய உறுதிப்பத்திரம் கிடைக்கலாம். பதிவேடு மறைத்த தகப்பன் அதில் அகப்படுவான்.

ஒரு பெரிய ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டெவன் மக்களின் உயில்களும் இறந்தவர் வீட்டுப் பொருள்களின் பட்டியல்களும் எக்சிட்டரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. 1942 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி எரித்தபோது அவை சாம்பலாயின. மற்ற மாவட்டங்களில் ஒரு தறிக்காரர் இறந்தபோது அவர் வீட்டில் எத்தனை பாத்திரம், எத்தனை படுக்கை இருந்தன என்றுகூடச் சொல்ல முடிகிறது; டெவனில் அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது. மிஞ்சியவை, சொத்து மிகுந்தவர்கள் கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பித்த உயில்கள், 1812 முதல் வரி அலுவலகத்துக்குப் போன நகல்கள், எரிவதற்கு முன் தற்செயலாக ஆர்வலர்கள் எடுத்து வைத்த குறிப்புகள் ஆகியவையே.

குடும்பக் கதைகளை எப்படி அளந்து கொள்வது என்பதற்குக் கோலிட்டன் தேவாலயத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் கிடக்கிறது. பலிபீடத்துக்கு அருகில் ஒரு சிறிய பெண்ணுருவம் கல்லில் செதுக்கிப் படுக்க வைக்கப்பட்டிருக்கிறது. நான்காம் எட்வர்டின் பேத்தியான மார்கரெட் கோர்ட்னி, 1512இல் கோல்கோமில் மீன்முள் தொண்டையில் சிக்கி இறந்தாள் என்றும் அவளுடைய நினைவுச் சின்னம்தான் இது என்றும் ஊர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. முள் சிக்கிய சிறுமி என்று செல்லப்பெயரும் வைத்தது. உருவம் சிறியது, ஆகவே சிறுமி என்பது கதையின் தருக்கம். ஆனால் அந்த மார்கரெட் 1512க்குப் பின்னும் அரசவையில் இருந்ததற்குக் குறிப்புகள் உண்டு. சின்னத்தின் மேலுள்ள கேடயங்களில் இருப்பவை கோர்ட்னி, போஃபோர்ட் குடும்பங்களின் இலச்சினைகள். அவற்றைக் கொண்டு பார்த்தால், பதினைந்தாம் நூற்றாண்டில் டெவன் பிரபுவை மணந்த மார்கரெட் போஃபோர்ட் என்னும் வளர்ந்த பெண்மணியின் உருவம் என்று கொள்வதே பொருந்தும். கதை இனிமையானது, கேடயம் உணர்ச்சியற்றது. நம்ப வேண்டியது கேடயத்தை. சர் வில்லியம் போல் என்னும் ஊர்க்காரர், 1635இல் மறைந்து இதே தேவாலயத்தில் அடக்கமானவர், டெவன் குடும்பங்களின் வரலாற்றைப் பத்திரங்களிலிருந்து தொகுத்த முன்னோடி; அவருடைய தொகுப்பையே இன்றும் மூலப்பத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வேலையைத் தொடங்கும்போது அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். 1851 கணக்கெடுப்பு ஒவ்வொருவரும் பிறந்த பங்கைச் சொல்கிறது. 1841இல் அது இல்லை. மேலும் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதால், 39 வயதுக்காரர் 35 என்று வருவார். 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு உண்டு. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தகப்பனின் தொழிலும் வசிப்பிடமும் வருகின்றன. 1754 முதல் திருமணப் பதிவில் இணையரும் சாட்சிகளும் கையொப்பமோ கீறலோ இட வேண்டும், முன்கூட்டித் தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்திருக்க வேண்டும் அல்லது உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சாட்சிகளின் பெயர்களைத் தவறாமல் குறித்து வையுங்கள், பாதி நேரம் உடன்பிறந்தவர்களாகவே இருப்பார்கள். அதற்கும் முன்னே போகும்போது, 1752 வரை ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். 1640 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1641. இதை விட்டுவிட்டால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு கண்ணியமான தம்பதியருக்கு அநியாயமாகப் பழி வந்து சேரும்.

கோலிட்டனில் பெயர் அறுந்துபோனால் உடனே தொலைவுக்குத் தாவ வேண்டாம். ஷூட்டும் மங்க்டனும் நெடுங்காலம் கோலிட்டனின் கிளை ஆலயங்களாகவே இருந்தன. சீட்டன், ஆக்ஸ்மவுத், மஸ்பரி, ஆக்ஸ்மின்ஸ்டர் ஆகியவற்றின் பதிவேடுகளையும், மாவட்ட எல்லைக்கு அப்பால் டார்செட்டில் உள்ள லைம் ரீஜிஸின் பதிவேட்டையும் பாருங்கள். எல்லை தாண்டியதும் ஆவணக் காப்பகம் மாறிவிடும் என்பதால் பலர் லைமைத் தேடாமலே விடுகிறார்கள். அந்தத் திருச்சபையை ஏற்காத பிரிவினரின் பதிவேடுகள் 1837க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கும் இல்லையென்றால், 1836 சட்டத்தின் கீழ் வரைந்த தசமபாக (தேவாலயத்துக்குச் செலுத்தும் விளைச்சல் வரி) நிலப்படத்தை எடுத்து, ஒவ்வொரு துண்டு நிலத்தின் எண்ணுக்கும் நேரே உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று எழுதியிருப்பதில் குடும்பப் பெயரைத் தேடிப் பாருங்கள். குடியிருப்பவர் நிரலில் கிடைத்தால், எந்தச் சந்தில் எந்த வீடு என்பதுவரை போய்விடலாம்.